கைராசிக் குழிகள்

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு பக்கம் சைக்கிள் கம்பி செய்கிற பட்டறைக்கும் மறுபக்கம் தகடு வெட்டுகிற பட்டறைக்கும் நடுவில் ஒரு மாடிக் கட்டடம் இருந்தது. எண்பத்து நாலு வரை அதில் பிளாஸ்டிக் பொத்தான் செய்தார்கள். எண்பத்தைந்தில் டாக்டர் உத்தமன் அதை எடுத்து 'தேசிய மூலக்கூறு வடிவ ஆய்வு மையம்' என்று போர்டு மாட்டினார். 'தேசிய' என்ற சொல்லை எந்த அரசாங்கமும் அவருக்குக் கொடுக்கவில்லை. போர்டு எழுத வந்த வேலுசாமிதான், "லெப்ட் சைடு காலியா கீது சார். 'தேசிய'ன்னு ஒண்ணு போட்டா எடுப்பா இருக்கும்" என்றான். மையம் அப்படித்தான் தேசியமானது.

உத்தமன் விஞ்ஞானிதான், அதில் சந்தேகம் வேண்டாம். இங்கிலாந்தில் ஒன்றே முக்கால் வருஷம் இருந்தவர். அந்த ஒன்றே முக்கால் வருஷத்தைப் பதினாறு வருஷமாகச் செலவழித்துக்கொண்டிருந்தார், இன்னும் தீரவில்லை. கத்திரி வெயிலிலும் டை கட்டுவார். அவருடைய விசிட்டிங் கார்டில் பெயருக்குப் பின்னால் வருகிற எழுத்துக்கள் முன்பக்கம் இடம் போதாமல் பின்பக்கம் தொடரும். சனிக்கிழமை மாலைகளில் ஆராய்ச்சி நோட்டுகளை வரிசையாக அடுக்கச் சொல்லி, ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் பச்சை மசியில் கையெழுத்துப் போடுவார். படித்துப் பார்த்துப் போடுவது குமாஸ்தா வேலை என்பது அவர் கருத்து. தலைவர் என்றால் போட்டுக்கொண்டே போகவேண்டும்.

அந்த நோட்டுகளில் எழுதும்படியாக ஏதாவது செய்துகொண்டிருந்தது மாடியின் பின் அறையில் இருந்த ஞானகுமாரி ஒருத்திதான். தகப்பனார் ஆரோக்கியசாமி ஆவடி டாங்கித் தொழிற்சாலையில் ஃபிட்டர். குவார்ட்டர்ஸிலிருந்து நடந்து வந்து ரயிலேறி, பட்டரவாக்கத்தில் இறங்கி, எட்டே முக்காலுக்கெல்லாம் அறையைத் திறந்துவிடுவாள். மூன்று வருஷமாக அவள் கவலை ஒரே பாம்பைப் பற்றியது: கண்ணாடி விரியன்.

விரியன் கடித்தவனுக்குப் போடுகிற ஊசி குதிரையின் ரத்தத்திலிருந்து வருகிறது. குதிரைக்குக் கொஞ்சங்கொஞ்சமாக விஷத்தை ஏற்றினால் அதன் ரத்தத்தில் ஆன்டிபாடி என்கிற புரதம் உண்டாகி விஷத்தைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும். ஆனால் எந்த இடத்தில் கவ்வுகிறது, எப்படிக் கவ்வுகிறது என்று யாரும் கண்ணால் கண்டதில்லை. கண்டால் இன்னும் நல்ல மருந்து செய்யலாம். குதிரையின் ரத்தத்தில் ஆயிரம் வகை ஆன்டிபாடி கலந்து கிடக்கும் என்பதால், ஞானகுமாரி சுண்டெலியின் செல்களை வளர்த்து ஒரே ஒரு வகையை மட்டும் எடுத்தாள். அது உண்டிவில் கவட்டை மாதிரி இரண்டு கை விரித்து நிற்கிற புரதம். பப்பாளிப் பாலிலிருந்து எடுக்கிற ஒரு நொதியை விட்டால் கைகளைத் தனியாக வெட்டிக் கொடுத்துவிடும். வெட்டிய கையில் விஷத்தைப் பிடிக்க வைத்து, இரண்டையும் சேர்த்துப் படிகமாக்க வேண்டும். படிகம் என்றால் கோடிக்கணக்கான மூலக்கூறுகள் ரேஷன் கடை வரிசை மாதிரி, ஆனால் யாரும் யாரையும் இடிக்காமல் நிற்பது. அதற்குள் எக்ஸ்ரே விட்டால் பிலிமில் புள்ளிகள் விழும். புள்ளிகளைக் கணக்குப் போட்டால் கவ்வுகிற இடம் தெரியும்.

படிகம் வளர்ப்பது பொறுமைக்கான தண்டனை. இருபத்து நாலு குழி உள்ள பிளாஸ்டிக் தட்டு. ஒவ்வொரு குழியிலும் அம்மோனியம் சல்ஃபேட் கரைத்த தண்ணீர். வட்டமான கண்ணாடி வில்லையில் ஒரு சொட்டுப் புரதம் வைத்துத் தலைகீழாகக் குழியின் மேல் மூடி, காற்றுப் போகாமல் விளிம்பில் வாசலின் தடவ வேண்டும். சொட்டு தொங்கியபடியே மெல்ல வற்றும். அதைத் தொடக்கூடாது, ஆட்டக்கூடாது. பக்கத்துப் பட்டறையில் தகடு வெட்டுகிற இயந்திரம் நிமிஷத்துக்கு நாற்பது தடவை கட்டடத்தையே உதைத்தது. ஞானகுமாரி ஒரு ஸ்கூட்டர் டியூபில் காற்றடைத்து, அதன் மேல் பலகை போட்டு, பலகையின் மேல் தட்டை வைத்தாள். தினம் காலையில் டியூபுக்குக் காற்றடிக்கிற வேலையை வாட்ச்மேன் கஜபதி தானாகவே எடுத்துக்கொண்டான்.

"டாக்டரம்மா, காத்து போதுமா பாரு."

"இன்னும் டாக்டர் ஆகலைண்ணே."

"ஆவப்போறேல்ல. முன்னாடியே கூப்ட்டா இன்னா, கேஸா போட்ருவாங்க?"

ஆவதற்கு ஒரு கெடு இருந்தது. எண்பத்தெட்டு டிசம்பரோடு அவள் ஆராய்ச்சி உதவித்தொகை முடிகிறது. அதற்குள் ஒரு எக்ஸ்ரே படமாவது கையில் இல்லையென்றால் மூன்று வருஷத்தையும் பப்பாளியையும் மூட்டை கட்டவேண்டியதுதான். தேசிய மையத்தில் எக்ஸ்ரே இயந்திரம் கிடையாது. கிண்டியில் இருந்த ஆய்வுக்கூடத்தில் நவம்பர் இருபத்து நாலு, வியாழக்கிழமை, ஒரே ஒரு நாள் கொடுத்திருந்தார்கள். ஒரு நாளில் ஒரு படிகம்தான் பார்க்க முடியும். அதை விட்டால் அடுத்தது மார்ச்.

அக்டோபரில் ஆயுத பூஜை வந்தது. கஜபதி காலையிலிருந்தே சந்தனக் கிண்ணத்தோடு அலைந்தான். தராசு, மைக்ராஸ்கோப், சுழற்சி இயந்திரம், ஃப்ரிட்ஜ் எல்லாம் பொட்டு வைத்துக்கொண்டு புதுப்பெண் மாதிரி நின்றன. டியூப் பலகையிடம் வந்ததும் தயங்கினான்.

"இதுக்கு வெக்கலாமா கூடாதா?"

"பலகைக்குத் தாராளமா வைங்கண்ணே. அதுதான் நமக்கு நிஜமான ஆயுதம். தட்டுக்கு மட்டும் வேண்டாம்."

அவன் பலகையின் நாலு மூலையிலும் வைத்துவிட்டு, தட்டின் பக்கம் கையை நீட்டாமல் பின்னால் நகர்ந்துகொண்டான். அந்த நேரத்தில் உத்தமன் சிறப்பு விருந்தினரோடு உள்ளே வந்தார். விருந்தினர் போல்ட் கம்பெனி பார்த்தசாரதி. கட்டடம் அவருடையது. கீழே கற்பூரம் காட்டி முடித்து, விருந்தினர் நெற்றியிலும் தன் நெற்றியிலும் உத்தமனே குங்குமம் வைத்துவிட்டு வந்திருந்தார். இரண்டு விரல் சிவப்பாக இருந்தது.

"இதுதான் சார் உலகத்திலேயே…" என்று ஆரம்பித்து, வாக்கியம் முடியும் முன்னரே முதல் குழியின் வில்லையைக் கையால் எடுத்தார்.

"சார், கையால வேண்டாம். இடுக்கி இருக்கு," என்றாள் ஞானகுமாரி.

"அம்மா ஞானகுமாரி, இது இங்கிலாந்துல பழகின கை."

இங்கிலாந்தில் பழகின கை நாலு வில்லைகளை எடுத்துத் திருப்பி, வெளிச்சத்தில் காட்டி, திரும்ப மூடியது. பார்த்தசாரதி குனிந்து பார்த்தார்.

"தண்ணியாட்டம் இருக்கே சார்."

"பார்க்கிறதுக்குத் தண்ணி," என்றார் உத்தமன். அதற்கு மேல் விளக்கம் அவரிடமும் இல்லை என்பதால் எல்லோரும் சுண்டல் சாப்பிடக் கீழே போனார்கள்.

ஒன்பதாம் நாள் அந்த நாலு குழிகளில் படிகம் இருந்தது. சாதாரணப் படிகம் இல்லை. ஊசி ஊசியாக, பளபளவென்று, வெறுங்கண்ணுக்கே தெரிகிற அளவு. ஒவ்வொரு கொத்தின் நடுவிலும் சின்னதாக ஒரு செம்புள்ளி. உத்தமன் மைக்ராஸ்கோப்பை விட்டு முக்கால் மணி நேரம் எழுந்திருக்கவில்லை.

"பார்த்தியா? இருபத்து நாலு குழியில நான் தொட்ட நாலுல மட்டும். இதுக்குப் பேர் கைராசி. சயின்ஸ்ல இதைச் சொல்லமாட்டாங்க, ஆனா எல்லாருக்கும் தெரியும்."

மறுநாள் தொழிற்பேட்டைக்கே தெரிந்தது. சங்கத்தில் பொன்னாடை போர்த்தினார்கள். ஒரு மாலைப் பத்திரிகை 'பாம்பு விஷத்தை முறிக்கும் வைரம்: அம்பத்தூரில் விளைந்தது' என்று கால் பத்தி போட்டது. நிருபர் செம்புள்ளியைப் பற்றிக் கேட்டபோது, விஷத்தைக் கவ்விப் பிடிக்கிற இடம் அதுதான் என்று உத்தமன் தயங்காமல் சொன்னார். மூலக்கூறின் கவ்வுமிடத்தை வெறும் லென்ஸில் பார்த்த முதல் மனிதர் அவர்தான். கடைசி மனிதரும் அவராகத்தான் இருக்கும்.

ஞானகுமாரிக்குப் புள்ளியைப் பார்த்த நொடியே விஷயம் புரிந்துவிட்டது. குங்குமம் என்பது மஞ்சளும் சுண்ணாம்பும். சுண்ணாம்பு அம்மோனியம் சல்ஃபேட்டில் விழுந்தால் வருவது ஜிப்சம். பள்ளிக்கூடத்தில் கரும்பலகையில் எழுதுகிற சாக்கட்டியில் இருப்பது அதேதான். பொன்னாடை போர்த்திக்கொண்டது சாக்கட்டிக்கு.

அவள் முதலில் நேராகவே கேட்டாள்.

"சார், உப்பா இருக்குமோன்னு ஒரு சந்தேகம். ஊசியால ஒண்ணைக் குத்திப் பார்த்துடலாம். புரதமா இருந்தா அல்வா மாதிரி சத்தமில்லாம நசுங்கிடும். உப்பா இருந்தா டிக்குனு உடையும்."

"குத்தறதா? பேப்பர்ல வந்த கிரிஸ்டலையா?"

"நாலு கொத்து இருக்கே சார். ஒரே ஒரு ஊசி…"

"அம்மா, சந்தேகம் நல்ல குணம். ஆனா அதுக்கு ஒரு சீனியாரிட்டி வேணும்."

குங்குமம் என்ற சொல்லை அவள் எடுக்கவில்லை. எடுத்தால் என்ன ஆகும் என்று தெரியும். ஞானகுமாரி குங்குமத்தைக் குறை சொன்னாள் என்று அது கீழ் மாடிக்குப் போகும், அங்கிருந்து டீக்கடைக்குப் போகும், சாயந்திரம் பட்டரவாக்கம் ஸ்டேஷனில் அவளுக்கு முன்னால் நிற்கும். அந்தப் பயணத்தில் ஜிப்சம் எங்கேயோ தவறி விழுந்துவிடும்.

இதற்கிடையில் யாரும் தொடாத பதினேழாம் குழியில் ஒன்று நடந்தது. சொட்டின் ஓரத்தில் மங்கலாக ஐந்து கட்டிகள் தோன்றின. பெரியது ரவையில் பாதி இருக்கும். பளபளப்பு இல்லை, சிவப்பு இல்லை, பேட்டி கொடுக்கிற முகமே இல்லை. ஞானகுமாரி மூச்சை அடக்கிக்கொண்டு சின்னதாக ஒன்றை ஊசியால் அழுத்தினாள். அது சத்தமே இல்லாமல் நசுங்கிப் படிந்தது. அன்று மதியம் அவள் கொண்டுவந்த சாப்பாட்டைக் கஜபதியிடம் கொடுத்துவிட்டாள். பசி அடங்கிப்போயிருந்தது.

"இன்னா டாக்டரம்மா, மீன் கொழம்பைத் தூக்கிக் குட்த்துட்டே. நல்ல சேதியா?"

"பதினேழுல வந்திருக்குண்ணே. நிஜமானது."

"அப்ப அய்யாது?"

அவள் சாப்பாட்டு டப்பாவை இன்னும் கொஞ்சம் அவன் பக்கம் தள்ளினாள். கஜபதி சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னான்: "அய்யா வெரல்ல குங்குமம் இருந்துச்சு. நான் பக்கத்துலதானே நின்னுகினு இருந்தேன். உள்ள வுழுந்துடுச்சு, அதானே?"

"நீங்க சொல்லுவீங்களாண்ணே?"

"நான் சொன்னா வாட்ச்மேன் சொன்னான்னு ஆவும். நீ சொன்னா வேற மாரி ஆவும். அய்யாவே அய்யா வாயால சொன்னாதான் இங்க செல்லும்."

அவன் சாதாரணமாகத்தான் சொன்னான். ஆனால் ஞானகுமாரி அதைச் சாப்பாட்டு நேரம் முடிகிற வரை மென்றுகொண்டிருந்தாள்.

நவம்பர் முதல் வாரம் பதினேழாம் குழியை உத்தமனிடம் காட்டினாள். அவர் நின்றபடியே ஒரு கண்ணால் பார்த்தார்.

"இதுவா? தூசு."

"இல்லை சார். இருபத்து நாலாந்தேதி கிண்டிக்கு இதைக் கொண்டுபோகணும். மார்ச் வரைக்கும் இது தாங்காது. டிசம்பரோட எனக்கும் முடியுது."

"கிண்டிக்கு என்னோட கிரிஸ்டல்தான் போகுது. ஊரே பார்த்துட்டிருக்கு. ஒரு நாள்தானே குடுத்திருக்காங்க, அதுல தூசை வெச்சுப் படம் எடுக்க முடியுமா? உன் பேரும் போடறேன், கவலைப்படாதே. கடைசியில வரும்."

ஞானகுமாரி வாதம் செய்யவில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிதானமாகக் கேட்டாள்.

"சரி சார். ஆனா ஒரு விஷயம். கைராசின்னு நீங்க சொல்றீங்க. கிண்டியில கேட்டா நாலு குழி தற்செயல்னு சொல்லிடுவாங்க. புதுசா பன்னிரண்டு குழி வைக்கிறேன். ஆறை நீங்க தொடுங்க, ஆறைத் தொடாதீங்க. நீங்க தொட்டதுல மட்டும் வந்துட்டா அப்புறம் யார் பேச முடியும்?"

உத்தமன் அவளை முதன்முறையாக ஒரு விஞ்ஞானியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"இப்பத்தான் நீ சரியான பாதையில யோசிக்கிறே."

அவள் பன்னிரண்டு குழி தயார் செய்தாள். அதே தண்ணீர், அதே அம்மோனியம் சல்ஃபேட், அதே வாசலின். சொட்டில் மட்டும் ஆன்டிபாடியும் போடவில்லை, விஷமும் போடவில்லை. அதை ஒளித்தும் வைக்கவில்லை. நோட்டில் தன் குண்டு குண்டான கையெழுத்தில் எழுதினாள்: 'நோக்கம்: டைரக்டர் அவர்கள் கையால் தொடுவதன் விளைவை அறிதல். குழிகள்: பன்னிரண்டு. தொடுபவை: ஆறு. தொடாதவை: ஆறு. சொட்டில் புரதம்: இல்லை.' 'இல்லை' என்பதன் கீழ் ஒரு கோடு. போதாதோ என்று இன்னொரு கோடும் போட்டாள்.

வெள்ளிக்கிழமை உத்தமன் தன் அறைப் படங்களுக்குக் கற்பூரம் காட்டிவிட்டு வந்தார். விரல் சிவந்திருந்தது. ஆறு வில்லைகளை ஒவ்வொன்றாக எடுத்து, கண்ணை மூடி, உதடசைத்து, மூடினார். மற்ற ஆறின் பக்கம் முழங்கைகூடப் போகாமல் பார்த்துக்கொண்டார். நேர்மையான மனிதர். மறுநாள் சனிக்கிழமை நோட்டு அவர் மேஜைக்குப் போனது.

"சார், இந்தப் பக்கத்தை மட்டும் படிச்சுப் பார்த்துட்டுக் கையெழுத்துப் போடுங்க."

"உன்மேல எனக்கு முழு நம்பிக்கை இருக்கும்மா," என்றார். பேனா அதற்குள் அடுத்த பக்கத்துக்குப் போயிருந்தது.

அடுத்த வாரம் புதன்கிழமைக்குள் அவர் தொட்ட ஆறிலும் ஊசிகள் முளைத்தன. முந்தின நாலைவிட நீளமானவை. தொடாத ஆறும் வெறும் தண்ணீராகவே இருந்தன. உத்தமன் மாடிப்படியில் இறங்கி வந்து கஜபதியிடமே சொன்னார்.

"பத்துக்குப் பத்து, கஜபதி."

"ஆமா சார். நீங்க தொடாததுல வரவே இல்லையாமே," என்றான் கஜபதி பணிவாக.

இருபத்து நாலாந்தேதி காலை உத்தமனின் அம்பாசடர் கிளம்பியது. டிரைவர் பக்கத்தில் கஜபதி. அவன் மடியில் பாதி காற்றடைத்த ஸ்கூட்டர் டியூப், டியூபின் மேல் தட்டுகள் இருந்த பெட்டி. பாடியிலும் திருமங்கலத்திலும் பள்ளம் வரும்போதெல்லாம் பெட்டியை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டான். பின் சீட்டில் உத்தமன், அன்று புதிய டை. அவர் பக்கத்தில் ஞானகுமாரி, மடியில் நோட்டு.

கிண்டி ஆய்வுக்கூடத்தில் எக்ஸ்ரே இயந்திரத்துக்குப் பொறுப்பு ஜமீலா என்கிற அம்மையார். நாற்பத்தைந்து வயது, குள்ளம், எதையும் இரண்டாவது தடவை சொல்லமாட்டார். ஹைதராபாத், பெங்களூர் என்று எங்கிருந்தோ படிகத்தோடு வருகிற பேராசிரியர்கள் அவருடைய அறை வாசலில் செருப்பை ஒழுங்காக விடுவார்கள்.

"வணக்கம் சார். பேப்பர்ல பார்த்தேன். நோட்டைக் குடுங்க."

"முதல்ல கிரிஸ்டலைப் பார்த்துடுங்களேன் மேடம்."

"கிரிஸ்டல் எங்கயும் போகாது. நோட்டு."

ஞானகுமாரி கொடுத்தாள். ஜமீலா நின்றுகொண்டே புரட்டினார். உத்தமன் அறையை அளந்தபடி பேசினார். இங்கிலாந்து வந்தது. கைராசி வந்தது. பத்துக்குப் பத்து வந்தபோது ஜமீலா நிமிர்ந்தார்.

"இந்தப் பன்னிரண்டு குழியில நீங்க தொட்டது ஆறு?"

"நானே. ஆறுக்கு ஆறு வந்தது."

"தொடாத ஆறுல?"

"ஒரு துளி இல்லை மேடம். அதுதான் நான் சொல்றது."

"இந்தப் பன்னிரண்டு குழியிலயும் புரதமே இல்லைன்னு எழுதியிருக்கே."

உத்தமன் நோட்டை எட்டிப் பார்த்தார்.

"அடியில ரெண்டு கோடு போட்டிருக்கு," என்றார் ஜமீலா. "அதுக்கும் அடியில உங்க கையெழுத்து. பச்சை மசி."

நோட்டை மேஜையில் வைத்துவிட்டு, பெட்டியிலிருந்து ஒரு வில்லையை எடுத்து, மைக்ராஸ்கோப்பின் கீழ் வைத்து, நீளமான ஊசியால் படிகத்தை அழுத்தினார். டிக் என்றது. சின்னச் சத்தம்தான். ஆயுத பூஜையன்று உத்தமன் தொட்ட இன்னொரு வில்லையை வைத்தார். அதுவும் டிக் என்றது. கதவோரம் நின்ற கஜபதிக்குக்கூடக் கேட்டது.

"நடுவுல சிவப்பா இருக்கே, என்ன சார் அது?"

உத்தமன் தன் வலது கையைப் பார்த்தார். ஆள்காட்டி விரலின் நக ஓரத்தில் அன்று காலைப் பூஜையின் மிச்சம் இருந்தது. அந்தக் கையை மெல்லக் கோட்டுப் பைக்குள் விட்டார். மற்ற கையால் டையைத் தளர்த்தினார். தேசிய மையம் ஆரம்பித்த மூன்று வருஷத்தில் ஞானகுமாரி அந்தக் கழுத்தைப் பார்த்தது அன்றுதான். சாதாரணக் கழுத்து.

அவள் சொல்ல வேண்டியதெல்லாம் நோட்டில் இருந்தது. அதோடு, நோட்டில் அவர் இறங்கி வர ஒரு படிக்கட்டும் இருந்தது. அவர் அதைக் கண்டுபிடிக்கிறாரா என்று காத்திருந்தாள். கண்டுபிடிக்கப் பத்து விநாடி எடுத்துக்கொண்டார்.

"குங்குமம்," என்றார் உத்தமன். தொண்டையைச் செருமிக்கொண்டார். "குங்குமத்துல இருக்கிற சுண்ணாம்பு. அதை நிரூபிக்கத்தானே மேடம் இந்தப் பன்னிரண்டு குழியும் வெச்சோம். ஒப்பிட்டுப் பார்க்க ஒரு கன்ட்ரோல் இல்லாம ஒரு பரிசோதனை பரிசோதனையா? என் கையாலயே தொட்டு, என் கையெழுத்தையும் போட்டு, தப்பு இங்கதான் வருதுன்னு காட்டியிருக்கேன். எத்தனை டைரக்டர் இதைச் செய்வாங்க?"

"நான் பார்த்ததில்லை," என்றார் ஜமீலா. முகத்தில் ஒரு கோடுகூட அசையவில்லை. "சரி, அப்ப இன்னைக்கு மெஷின்ல எதை வைக்கிறது?"

எல்லோரும் உத்தமனைப் பார்த்தார்கள். அவர் ஞானகுமாரியைப் பார்த்தார்.

"பதினேழு," என்றாள் அவள்.

"பதினேழு. அதைத்தான் நான் ஆரம்பத்திலேர்ந்து…" என்றார் உத்தமன், மிச்சத்தைக் கையசைத்துக் காட்டினார்.

அதற்குள் அவள் மைக்ராஸ்கோப் பக்கம் போய்விட்டாள். ஜமீலா பதினேழாம் குழியிலும் ஒரு சின்னக் கட்டியை அழுத்திப் பார்த்தார். சத்தம் வரவில்லை. "ம்," என்று நாற்காலியை அவளுக்கு விட்டார். முடி கனத்தில் இருந்த கண்ணாடிக் குழாய்க்குள் ரவையில் பாதியை உறிஞ்சி எடுக்க வேண்டும். ஒரே ஒரு தடவைதான் முடியும். உடைந்தால் மார்ச்சும் இல்லை, டிசம்பரும் இல்லை. பின்னால் உத்தமன் கன்ட்ரோல் பரிசோதனையின் மகத்துவத்தைப் பற்றி ஜமீலாவுக்கு வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தார். தகடு வெட்டுகிற பட்டறைப் பக்கத்திலேயே மூன்று வருஷம் கை நடுங்காமல் வேலை செய்தவளுக்கு அது ஒரு சத்தமாகவே படவில்லை. படிகம் குழாய்க்குள் ஏறி, நடுவில் வந்து, நின்றது. இரண்டு முனையிலும் மெழுகு வைத்து அடைத்தாள்.

"ரெடி மேடம்."

"நல்ல கை," என்றார் ஜமீலா. அவ்வளவுதான் சொன்னார். உத்தமன் ஒரு கணம் திரும்பிப் பார்த்தார், தன்னைச் சொன்னதோ என்று.

எக்ஸ்ரே ஆறு மணி நேரம் ஓடியது. கேன்டீனில் உத்தமன் மூன்று காபி குடித்தார். கஜபதி மரத்தடியில் டியூபைத் தலைக்கு வைத்துத் தூங்கினான். ஞானகுமாரி இயந்திரத்தின் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து, முடிவு தெரிந்த பரீட்சைக்கு உட்கார்ந்தவள்போல நோட்டின் அடுத்த பக்கத்தில் தேதியை எழுதி வைத்தாள்.

நாலரை மணிக்கு ஜமீலா இருட்டறையிலிருந்து ஈரம் சொட்டுகிற பிலிமோடு வந்தார். வெளிச்சப் பெட்டியின் மேல் விரித்தார். கேழ்வரகைக் கொட்டி யாரோ ஒவ்வொன்றாக வரிசையில் அடுக்கியதுபோல, பிலிமின் ஓரம் வரை புள்ளிகள். நூறு நூறாக, நெருக்கமாக, ஒன்றும் வரிசை தப்பாமல்.

"உப்பா இருந்தா பத்துப் பதினஞ்சு புள்ளிதான் விழும், ஊருக்கு ஒண்ணா தள்ளித் தள்ளி," என்றார் ஜமீலா உத்தமனுக்காக. பிறகு ஞானகுமாரியிடம் திரும்பினார். "நல்லா ஓரம் வரைக்கும் போகுது. மார்ச்செல்லாம் வேண்டாம். டிசம்பர் அஞ்சும் ஆறும் எடுத்துக்கோ. அந்தக் கூழாங்கல் மாதிரி இருக்கிற மத்த ரெண்டையும் பத்திரமா கொண்டு வா. படம் பூரா எடுத்துடலாம்."

"கொண்டு வரேன் மேடம்."

"டைரக்டரை வரச் சொல்லவேணாம். அவருக்கு வேலை இருக்கும்."

திரும்பி வரும்போது வடபழனியில் கார் நின்று நின்று போனது. உத்தமன் பிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துக்கொண்டே வந்தார். முகம் மறுபடி மலர ஆரம்பித்திருந்தது.

"பதினேழு," என்றார். "பூஜை அன்னைக்கு இதையும் தொட்டதா எனக்கு ஒரு ஞாபகம்."

"இல்ல சார்," என்றான் கஜபதி, டியூபின் மேலிருந்த பெட்டியை இரண்டு கையாலும் பிடித்தபடி. "அத்த மட்டும் நீங்க தொடல. நான் பக்கத்துலயே இருந்தேன்."

டிரைவர் கண்ணாடியில் எங்கேயோ பார்த்தான். உத்தமன் பிலிமை உறையில் போட்டு ஞானகுமாரியிடம் கொடுத்தார். அவள் நோட்டை அவரிடம் நீட்டினாள்.

"இன்னைக்குப் பக்கம் சார். கையெழுத்து."

பச்சைப் பேனா வெளியே வந்தது. மூடி திறந்தது. பக்கத்தின் அடியை நோக்கிப் போன கை பாதியில் நின்றது. உத்தமன் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேலிருந்து முதல் வரியைப் படித்தார். இரண்டாவது வரியைப் படித்தார். பிறகு பேனாவை மூடி வைத்துவிட்டு, நோட்டின் முதல் பக்கத்துக்கே திருப்பிக்கொண்டார். திருமங்கலம் போனது, பாடி போனது, அவர் தலை நிமிரவில்லை. லூகாஸ் நிறுத்தத்துக்கு முன்னால்தான் விரலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"ஏம்மா, இந்தப் பப்பாளி எதுக்கு?"

"சொல்றேன் சார்," என்றாள் ஞானகுமாரி. "அது எண்பத்தஞ்சு ஆகஸ்ட். இன்னும் இருநூத்தம்பது பக்கம் இருக்கு. நிதானமாப் படிங்க."